கைமாறி வந்த கடல்மீன் தொட்டி: பிரித்தது, ஒட்டியது, நிரப்பியது

பழைய கடல்மீன் தொட்டியைப் பார்க்கப் போனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதுக்குள்ள எப்பவாவது செம்பு மருந்து ஊத்தியிருக்கீங்களா?" கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், விளக்கு எத்தனை வாட் என்பதெல்லாம் அப்புறம்தான்.

கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. அதற்குச் செம்பு நல்ல மருந்து. அளவாகப் போட்டால் மீன் தாங்கிக்கொள்ளும். நத்தை, இறால், கடற்சாமந்தி, பவளம் எதுவும் தாங்காது. போட்ட செம்பு போட்ட தண்ணீரோடு போய்விடுவதும் இல்லை. சுண்ணாம்புப் பாறையும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடும். தண்ணீரை முழுக்க மாற்றினாலும், விட்ட நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகும். காரணம் தெரியாமல் திண்டாடுவோம்.

நான் வாங்கிய தொட்டியின் சொந்தக்காரர், நோய் வந்த மீனைத் தனி டப்பில் வைத்துத்தான் மருந்து கொடுத்ததாகச் சொன்னார். அவர் சொன்னதற்கு ஆதாரம் தொட்டிக்குள்ளேயே இருந்தது. பின்பக்கக் கண்ணாடி முழுவதும் ஊதா நிறத்தில் கோரலைன் பாசி படர்ந்திருந்தது. அதன்மேல் சின்னதும் பெரியதுமாக நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. குட்டி நத்தைகள் பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் தொட்டியில் செம்பு பற்றிய கவலையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். காலியாகக் காய்ந்து கிடக்கும் தொட்டி என்றால் இந்தச் சாட்சி கிடைக்காது. அப்படிப்பட்டதை வாங்கினால் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, பாறையையும் மணலையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் சரி.

இந்த வேலை முழுவதிலும் நான் கையாண்ட கணக்கும் அதுதான். மேலே ஒட்டிய அழுக்கு கழுவினால் போகும். உள்ளே ஊறியது போகாது. கண்ணாடி, பிளாஸ்டிக், அக்ரிலிக் எல்லாம் முதல் வகை. பாறை, மணல், ஸ்பாஞ்சு, பலகை இரண்டாம் வகை. எதைக் காப்பாற்றுவது, எதைத் தூக்கி எறிவது என்று குழப்பம் வந்த இடத்தில் எல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

கண்ணாடியைப் பார்த்த விதம்

தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். 12 மி.மீ. கண்ணாடி, மேலே சுற்றிலும் கண்ணாடிப் பட்டை. பின்மூலையில் தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டி, அதன் அடியில் துளை, கீழே மரப்பெட்டிக்குள் சம்ப், அதாவது வழிந்த தண்ணீர் வந்து சேரும் துணைத் தொட்டி. கண்ணாடி மட்டுமே 70 கிலோ வரும். 45 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது இன்னும் ஒரு 275 கிலோ. பாறையும் மணலும் சேர்ந்தால் எல்லாமாக 400 கிலோ எடை ஒரு மரப்பெட்டியின் தலையில் உட்காரும்.

தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் விசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய சிலிக்கோனை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று புரியும். இந்த அளவுத் தொட்டியில் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான விசை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தண்ணீரின் உயரம் இன்னும் 10 செ.மீ. கூடினால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். தொட்டி முன்னும் பின்னும் எவ்வளவு அகலம் என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உயரமான பழைய தொட்டி வாங்குகிறவர்கள் அகலமான தொட்டி வாங்குகிறவர்களைவிட அதிகம் யோசிக்க வேண்டும்.

கண்ணாடியில் தேடியவை இவை. விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, குறிப்பாக ஒட்டு போட்ட இடத்தை அந்தச் சில்லு தொடுகிறதா? துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா? இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தெரியும் சிலிக்கோன் படலத்தில் காற்றுக் குமிழியோ வெண்மையான திட்டோ இருக்கிறதா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் ஒளியை ஓடவிட்டால் இதெல்லாம் நன்றாகத் தெரியும். நடுப்படலம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. உட்பக்க மூலைகளில் முக்கோணமாகப் பூசியிருந்த சிலிக்கோன் மட்டும் ஓரிடத்தில் உரிந்து சுருண்டிருந்தது. பாசி சுரண்டும் பிளேடு பட்டுப் பட்டு அப்படி ஆகியிருக்கும்.

கீறல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உட்பக்கக் கீறல் தொட்டி காய்ந்திருக்கும்போது கண்ணை உறுத்தும். தண்ணீர் நிரம்பியதும் பாதி காணாமல் போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் ஒளியை வளைக்கும் அளவு கண்ணாடிக்கு நெருக்கமானது என்பதால் கீறலின் ஓரத்தில் ஒளி சிதறுவது குறைகிறது. வெளிப்பக்கக் கீறலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் உட்பக்கம் கீறல் இருக்கிறது என்பதற்காக நல்ல தொட்டியை விட்டுவிட வேண்டாம்.

தொட்டியைத் தூக்கும்போது ஒரு கைப்பிடி மணல்கூட உள்ளே இல்லாமல் வழித்துவிட்டோம். ஈர மணலோடு தூக்கினால் அடிக்கண்ணாடி வளையும். ஒட்டு அப்போதுதான் பிளக்கும். மேல் பட்டையைப் பிடித்தும் தூக்கக் கூடாது. அடியில் கை கொடுத்து, ஆளுக்கொரு மூலையாகத்தான் தூக்கினோம்.

மீன்களை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்டு வேலை, பாறை வேலை எல்லாம் முடிய எத்தனை வாரம் ஆகும் என்று தெரியாதபோது உயிர்களை டப்பில் வைத்துக் கஷ்டப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றுக்கு வேறு நல்ல தொட்டி கிடைக்கும்வரை விற்றவரே காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கசிவுச் சோதனையும் சிலிக்கோனும்

முதலில் வீட்டுக்கு வெளியே, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த தரையில் பலகையும் அதன்மேல் தெர்மோகோலும் போட்டுத் தொட்டியை வைத்தேன். வழிபெட்டியின் துளைக்கு அடைப்பு வைத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஓர் இரவு விட்டேன். அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு. அப்புறம் முழுக்க. ஒவ்வொரு ஒட்டின் அடியிலும் செய்தித்தாள் துண்டுகளைச் செருகி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

முழுக்க நிரம்பிய பிறகு பின்பக்க வலது மூலையில் தாள் நனைந்தது. சொட்டுச் சொட்டாக விழவில்லை, ஈரம் மட்டும்தான். உரிந்து சுருண்டிருந்ததும் அதே மூலை.

அந்த ஒரு மூலைக்கு மட்டும் மேல்பூச்சு போட்டால் போதாதா என்று பலரும் நினைப்பார்கள். போதாது. புதுச் சிலிக்கோன் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடிக்கும். இறுகிய பழைய சிலிக்கோனைப் பிடிக்காது. ஒட்டுப் போட்ட இடத்தில் பழையதும் புதியதும் சந்திக்கும் எல்லை எப்போதும் பலவீனமான இடம்தான். அதனால் உட்பக்கப் பூச்சு முழுவதையும் எல்லா மூலையிலும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்தேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் படலத்தில் மட்டும் கை வைக்கவில்லை. தொட்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் படலம்தான். அது கெட்டிருந்தால் தொட்டியைத் தனித்தனிக் கண்ணாடியாகப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அது வேறு வேலை. அதற்கு வேறு அனுபவம் வேண்டும்.

சுரண்டுவதுதான் இந்தத் திட்டத்திலேயே அதிக நேரம் எடுத்தது. புது பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்துத் தள்ள வேண்டும். முனை மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும். பிளேடின் மூலை நடுப்படலத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகும் விரலால் தடவினால் ரப்பர் மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். அது மீந்திருக்கும் சிலிக்கோன். பஞ்சு விடாத துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, மறுபடி சுரண்டி, மறுபடி துடைத்து, விரல் வழுக்கிக்கொண்டு போகும்வரை விடவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடுப்போ தீப்பொறியோ இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

சிலிக்கோன் தேர்வில் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும் என்பது. குளியலறைக்கு என்று விற்பவற்றில் பெரும்பாலும் அது கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு. பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் வகை கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும். மூலையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எல்லா மூலையையும் ஒரே மூச்சில் பூசினேன். ஈரமான பூச்சு ஈரமான பூச்சோடுதான் கலந்து ஒன்றாகும். சில நிமிடங்களிலேயே மேலே தோல் கட்டிவிடும். அதற்குள் விரலால் ஒரே இழுப்பில் வழித்து, டேப்பையும் உரித்துவிட வேண்டும். தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் பூச, இன்னொருவர் வழிப்பது நல்லது.

இறுகுவதற்குச் சிலிக்கோன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மி.மீ. அளவுதான் அது போகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; உள்ளே ஈரமாகவே இருக்கும். ஒரு வாரம் முழுக்க விட்டு, வினிகர் வாடை அறவே போன பிறகு மறுபடி அதே மூன்று கட்டச் சோதனை. இம்முறை தாள்கள் எல்லாம் காய்ந்தே இருந்தன.

வினிகர் ஒரு பக்கம், பிளீச் ஒரு பக்கம்

கண்ணாடியிலும் பம்பிலும் குழாயிலும் ஒட்டியிருந்த ஊதாப் படிவும் வெள்ளைப் படிவும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். கண்ணாடிமேல் வினிகரில் நனைத்த டிஷ்யூ தாளை ஒட்டி வைத்து, ஊறிய பிறகு பிளேடால் தள்ளினால் செதில் செதிலாக வந்துவிடும். பம்புகளைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப் போட்டேன். வாடை இல்லை, வேகமும் அதிகம்.

பாறைக்குப் பயன்படுத்தியது பிளீச். இந்த இரண்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் வேறு வேறு வாளி, வேறு வேறு நாள் என்று வைத்துக்கொண்டேன்.

பம்புகளைத் திறந்து பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் உள்ளே காந்தத்தோடு கூடிய சுழலியை உருவி எடுத்து, பீங்கான் அச்சில் விரிசல் இருக்கிறதா, காந்தத்தின் உறை உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறை வெடித்துக் காந்தம் துருப்பிடித்திருந்தால் அந்த இரும்பும் மற்ற உலோகங்களும் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும். ரிட்டர்ன் பம்பு நன்றாக இருந்தது. ஓர் அலைப் பம்பின் காந்தம் உப்பியிருந்தது. அதைக் கழித்துவிட்டுப் புதுச் சுழலி வாங்கிப் போட்டேன்.

ஹீட்டரைச் சோதிக்கக்கூட இல்லை, நேராகக் குப்பைக்குத்தான். பழைய ஹீட்டரின் உள்ளே இருக்கும் தொடர்பு முனை ஒட்டிக்கொண்டால் அது அணையவே அணையாது. தொட்டியில் இருக்கும் எல்லா உயிரையும் ஒரே இரவில் கொன்றுவிடும். அதற்குப் பதிலாக 150 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கி, வெளியே தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்தேன். 300 வாட் ஹீட்டர் ஒன்றே போதுமே என்றால், இரண்டில் ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் 150 வாட்டால் இத்தனை தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் சூடாக்கிவிட முடியாது. ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று தாங்கும்.

புரோட்டீன் ஸ்கிம்மர்தான் வாங்கியதிலேயே நல்ல பொருள். மீன் கழிவில் உள்ள புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அதனால் அவை காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான நுண்குமிழிகளைக் கொடுத்தால் அவற்றின் மேல் ஏறி, நுரையாகக் குவிந்து, மேலே உள்ள கிண்ணத்தில் பழுப்பு நீராக வழியும். கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுண்ணியதாகவே இருப்பதால்தான் இது நடக்கிறது. நன்னீரில் குமிழிகள் சட்டென்று சேர்ந்து பெரிதாகிவிடும். இந்த ஸ்கிம்மர் சரியாக நுரைப்பதில்லை என்று விற்றவர் சொல்லியிருந்தார். காற்றுக் குழாயின் வாயில் உப்பு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. வெந்நீரில் முக்கி எடுத்ததும் சரியாகிவிட்டது. ஸ்கிம்மர் சோம்பினால் முதலில் அந்தச் சின்னத் துளையைப் பாருங்கள்.

பாறையும் மணலும்

மணலையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்; வேண்டாம் என்றேன். பல வருட மணலின் அடியில் கறுப்புப் பட்டை ஓடியிருந்தது. கிளறினால் அழுகிய முட்டை வாடை. பிராணவாயு எட்டாத ஆழத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அது. எவ்வளவு அலசினாலும் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்பேட்டை அந்த மணல் விடாது. அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் புதிதாக வாங்கிக்கொண்டேன்.

பாறையை மட்டும் விட மனம் வரவில்லை. கடல்மீன் வளர்ப்பில் பாறைதான் வடிகட்டி. 1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டி அதைப் பற்றி எழுதினார். இன்றைய தொட்டிகளும் அடிப்படையில் அதே வழியில்தான் நடக்கின்றன. பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவின் அமோனியாவைத் தின்று தீர்க்கின்றன.

ஆனால் பழைய பாறையில் கையை வைப்பதற்கு முன் அதன் மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு பாறையில் பழுப்பு நிறத்தில் பொத்தான்கள் போலப் பாலித்தோவா கூட்டம் இருந்தது. அதில் சில இனங்களுக்குள் பாலிடாக்சின் என்ற நச்சு உண்டு. ஹவாயில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து 1971-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் உள்ள மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று அது. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சுவாசித்து, வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் அந்த நச்சு அழிவதில்லை. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பது, பிரஷ் போட்டுத் தெறிக்க விடுவது, காயவிட்டுச் சுரண்டுவது எல்லாமே ஆபத்து. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்குமானால் இது நிற்கட்டும்: கடல்பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள்.

கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்தப் பாறையைச் சுரண்டாமல் ஈரமாகவே எடுத்துத் தனி வாளியில் பிளீச் கரைசலில் மூழ்கடித்தேன். பிளீச் அந்த நச்சைச் சிதைக்கும். அப்புறம் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினேன். நல்ல வடிவமான பாறைதான். இருந்தாலும் அதைக் காப்பாற்ற முயற்சி செய்வதில் அர்த்தமில்லை.

மற்ற பாறைகளில் ஐப்டேசியா என்ற சின்னக் கடற்சாமந்திகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி கூட்டமாகப் பெருகும் களை அது. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து, வெளியே திறந்த இடத்தில் பாறைகளை ஊறவிட்டேன். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எல்லாம் கரைந்து தண்ணீர் கலங்கியது. மாற்றி மாற்றி அலசி, சோடியம் தயோசல்பேட் போட்டு மிச்சக் குளோரினை முறித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். காய்ந்துபோன பாறையில் வெண்புள்ளி ஒட்டுண்ணியும் பிழைக்காது.

இனி மிச்சம் இருந்தது பாஸ்பேட். அது கால்சியம் கார்பனேட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையும்போதெல்லாம் வெளியே வந்து நிரப்பிவிடும். பழைய பாறை போட்ட தொட்டியில் பாசி ஓயாமல் முளைப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மூடிய டிரம்மில் உப்புநீர், ஒரு பம்பு, பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு துகள்கள். வெளிச்சம் படக் கூடாது. பட்டால் பாசி அங்கேயே தொடங்கிவிடும். தண்ணீரை மாற்றி, சோதித்து, மறுபடி மாற்றி, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும்வரை வைத்திருந்தேன். தொட்டி வேலை முடிந்தும் பாறை முடியவில்லை. இதில் அவசரப்பட்டு எந்தப் பயனும் இல்லை.

பெட்டியும் குழாயும் மின்சாரமும்

மரப்பெட்டியின் கால்கள் கெட்டியான பிளைவுட். சம்ப் உட்காரும் அடித்தட்டு மட்டும் துகள் பலகை. தண்ணீர் ஊறி உப்பியிருந்தது. ஊறிய பலகை காய்ந்தாலும் பழைய பலம் வராது. அதைக் கழற்றிவிட்டுப் புது பிளைவுட் தட்டு போட்டு, எல்லா ஓரத்திலும் எபாக்ஸி பூசினேன். இந்தத் தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் சட்டம் கிடையாது. அதனால் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுரை விரிப்பு போட்டேன். சட்டம் உள்ள தொட்டி என்றால் எடை ஓரத்தில்தான் இறங்க வேண்டும். அதற்கு விரிப்பு போடக் கூடாது.

துளையில் குழாயைப் பொருத்தும் பல்க்ஹெட் என்ற இணைப்பின் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. புதியது போட்டேன். வளையம் தண்ணீர்ப் பக்கம், மரை வெளிப்பக்கம். கையால் முடுக்கி, அதன்மேல் கால் சுற்று போதும். அதில் சிலிக்கோன் பூசத் தேவையில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத் தண்ணீர் நிரப்பிய அன்றே சோதிக்க வேண்டும். பம்பு நின்றதும் ரிட்டர்ன் குழாய் தலைகீழாகத் தண்ணீரை இழுத்துச் சம்புக்குள் விடத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும்வரை அது நிற்காது. இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது 6 லிட்டர். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 18 லிட்டர் கீழே இறங்கும். வழிபெட்டியிலும் குழாயிலும் இருப்பது தனி. அதற்குச் சம்பில் இடம் இல்லையென்றால் தரை நனையும். சிலர் குழாயில் காற்றுத் துளை போட்டு நிறுத்துவார்கள். பாசி அதை அடைத்துவிடும். வாயையே மட்டத்துக்கு ஒட்டி மேலே ஏற்றி வைத்துவிட்டேன். சுவிட்சை அணைத்துப் பார்த்தபோது சம்ப் விளிம்புக்கு நல்ல இடைவெளி இருந்தது. அந்த மட்டத்தைச் சம்பில் பேனாவால் குறித்து வைத்திருக்கிறேன்.

மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்து, தொட்டியின் எல்லா இணைப்பையும் அதன் வழியாகவே கொடுத்தேன். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருவதற்கு முன் ஒரு தடவை கீழே தொங்கி மேலேறும். ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பிளக் பலகையைச் சம்ப் பெட்டிக்குள் வைக்கவில்லை. உப்புப் பொருக்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்தும். வெறும் தெறிப்பே போதும்.

எல்இடி விளக்கின் விசிறியில் உப்பும் தூசும் அடைத்திருந்தன. சுத்தம் செய்து, லென்சுகளைத் துடைத்தேன். வேலை செய்கிறது.

தண்ணீர்

கரைந்த உப்புகளையெல்லாம் நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி, கரைபொருள் அளவான டிடிஎஸ் பூஜ்யம் காட்டிய பிறகு உப்பு. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. செறிவு எக்கச்சக்கமாக இருக்கும் இடத்தில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து வீணாகும். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஒப்படர்த்தி 1.026. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்த நீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது. 35 அளவுள்ள கரைசலிலும் சரிபார்த்தேன். நமக்கு வேண்டியது அந்த இடத்தில் சரியாகக் காட்டுவதுதான். லிட்டருக்குக் கால்சியம் 420, மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில், காரத்தன்மை அதன் அலகான டிகேஎச்சில் 8, வெப்பம் 25 டிகிரி என்று நிலைத்தது.

1846-இல் இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற பெண்மணி கடற்கரையில் எடுத்த பவளங்களை லண்டனில் தன் வீட்டில் உயிரோடு வைத்திருந்தார். பம்பு கிடையாது. கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றியே அதில் காற்றைச் சேர்த்தார்கள். அலைப் பம்பை ஓடவிட்டு மேற்பரப்பு கலைவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உழைப்பு நினைவுக்கு வருகிறது.

பாறைகளை முதலில் அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வைத்து, அதற்குப் பிறகுதான் மணலைப் போட்டேன். மணல்மேல் பாறையை வைத்தால், குழி தோண்டும் மீனோ இறாலோ அடியில் தோண்டிச் சரித்துவிடும்.

பிளீச் போட்ட பாறை செத்த பாறை. பாக்டீரியா பூஜ்யத்திலிருந்து வளர வேண்டும். புட்டி பாக்டீரியா ஊற்றி, அமோனியம் குளோரைடு மூலம் அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றினேன். முதலில் அது நைட்ரைட் ஆகும், அப்புறம் நைட்ரேட். நைட்ரைட் ஏறியதைப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை. கடல்நீரில் ஏராளமாக உள்ள குளோரைடு, மீனின் செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைப் பெருமளவு தடுக்கும். நன்னீர்த் தொட்டி அளவுக்கு இங்கே அது ஆபத்தில்லை. போட்ட 2 மில்லிகிராமும் ஒரே நாளில் தீர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகுதான் விளக்கைப் போட்டேன்.

விளக்கு போட்டதும் எதிர்பார்த்தபடியே மணல் பழுப்பானது. டயட்டம் பாசி. மருந்து எதுவும் வேண்டாம். தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீரத் தீரத் தானே குறையும். நத்தைகளை விட்டேன்; நன்றாக மேய்ந்தன. செம்பு பற்றிய கேள்விக்கு இரண்டாவது முறையாகவும் நல்ல பதில் கிடைத்தது.

மீன்களில் முதலில் வந்தது பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி. தனித் தொட்டியில் கண்காணித்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விட்டேன். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். சிறியது ஆணாக இருக்கும். இப்போதே பெரியது அதட்டத் தொடங்கிவிட்டது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் தினமும் ஈடு செய்வது உப்பில்லாத ஆர்ஓ டிஐ நீரால்தான். மிதவை சென்சார் ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. பின்பக்க வலது மூலையின் அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை இன்னும் விட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

அடுத்த வேலை மேலே வலைமூடி. பழைய கண்ணாடி மூடி காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்கிறது, மூடியே இல்லாமல் விட்டால் துள்ளும் மீன்களை வளர்க்க முடியாது. ஜன்னல் கொசுவலைக்கான அலுமினியச் சட்டம், அதில் 6 மி.மீ. கண்ணுள்ள நிறமற்ற நைலான் வலை, ரிட்டர்ன் குழாய்க்கும் ஒயர்களுக்கும் மூலையில் வெட்டு. சட்டம் உப்பில் அரிக்காமல் இருக்க வெட்டு முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூலை போட வேண்டும். அது முடிந்த பிறகுதான் ஃபயர்ஃபிஷ் வாங்குவேன்.